பேக்-அப் இருந்தது, கணக்கு வரவில்லை!

(நமது நிருபர்)

பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நெல்லைச் சீமைக்காரர். வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் "அண்ணாச்சி".

அந்தக் கடையில் மாலை நேரத்தில் கணக்கு எழுதுபவருக்குச் சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். பகலில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. மாலை 7 மணி முதல் 9 மணி வரை கடைக் கணக்கு. ஆறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது இந்த மாலை நேரச் சம்பளத்தில்தான்.

2025 டிசம்பர் மாதம் அவர் மீது ஒரு பழி விழுந்தது. "ஆறு வருடக் கணக்கையும் அழித்துவிட்டார்" என்று!

அவர் அழிக்கவில்லை. தினமும் கடை அடைக்கும் முன்பு பேக்-அப் எடுத்து, பென் டிரைவில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனாலும் கணக்கு வரவில்லை. ஏன்?

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இலவச லினக்ஸ்

கடையில் இருந்தது பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடியது 'விண்டோஸ் 10'. இதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்தது 'விண்டோஸ் 11'. அதைப் போட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரிலும் இல்லை.

பழுது பார்க்க வந்தவர் ஒரு யோசனை சொன்னார். "புதுசு எதற்கு சார்? லினக்ஸ் போட்டுத் தருகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய மிஷினிலும் நன்றாக ஓடும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. "உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பேக்-அப் இருக்கிறதா?" என்றும் கேட்டார். "இருக்கிறது" என்று அண்ணாச்சி பென் டிரைவைக் காட்டினார்.

டிசம்பர் 1-ந்தேதி லினக்ஸ் ஏறியது. "நம்முடைய கணக்குப் புரோகிராம் இதில் ஓடுமா?" என்ற கேள்வியை மட்டும் யாருமே கேட்கவில்லை.

மாலையில் கணக்கர் வந்தார். பென் டிரைவைச் செருகினார். பேக்-அப் பைல் இருந்தது. அளவும் சரியாக இருந்தது. திறக்கச் சொன்னால், "எந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும்?" என்று கம்ப்யூட்டர் அவரையே திருப்பிக் கேட்டது!

"என்ன தம்பி இது? ஊர்க்காரங்க கடன் பாக்கி எல்லாம் அதிலேதானே இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"தினமும் எடுத்தேன் அண்ணாச்சி. இதோ இருக்கிறது. திறக்கத்தான் மாட்டேன் என்கிறது."

கடையில் இருந்த உறவினர் ஒருவர், "இத்தனை நாள் திறந்தது, இன்று மட்டும் ஏன் திறக்கவில்லை?" என்று குத்தலாகக் கேட்டாராம். அன்று இரவு தூக்கமே வரவில்லை என்கிறார் கணக்கர்.

அண்ணாச்சி மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பவர். நவம்பர் மாத விற்பனை விவரத்தை டிசம்பர் 11-ந்தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். கையில் இருந்தது பத்து நாள்.

அகலப் பாதை, மீட்டர் பாதை

கோளாறு எங்கே? ரெயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கு ரெயில் பாதைதான் நினைவுக்கு வந்தது.

அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,676 மில்லி மீட்டர். மீட்டர் பாதையில் 1,000 மில்லி மீட்டர். முன்பு சென்னையில் இருந்து பெங்களூருக்கு வந்தது அகலப் பாதை. இங்கிருந்து மைசூருக்குப் போனது மீட்டர் பாதை. ஒரு பாதையின் வேகன் மற்றொன்றில் ஓடாது. பாதை மாறும் இடத்தில் சரக்கை இறக்கி, வேறு வேகனில் ஏற்றியாக வேண்டும். மூட்டை கிழியும், எண்ணிக்கை குறையும். 1992-ல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்துக்குப் பிறகுதான் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்பெனியின் மேக் - இவை தனித்தனிப் பாதைகள். இவற்றை 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்கள். ஒன்றுக்காகச் செய்த புரோகிராம் மற்றொன்றில் நேரடியாக ஓடாது.

பேக்-அப் என்பது சாதாரணக் கடிதம் போல யாரும் பிரித்துப் படிக்கக் கூடியது அல்ல. கணக்குப் புரோகிராம் தனக்கு மட்டுமே புரியும் முறையில் கட்டி வைத்த மூட்டை அது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அந்தப் புரோகிராம் ஏறாத கம்ப்யூட்டரில் மூட்டை அப்படியே கிடக்கும்.

பெங்களூரில் பிறந்த டாலி

நம் நாட்டில் கடைக் கணக்கு என்றதும் நினைவுக்கு வரும் 'டாலி' பெங்களூரில் பிறந்ததுதான். ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி தம் தொழிலுக்கு ஏற்ற கணக்குப் புரோகிராம் கிடைக்காமல் தவித்தார். மகன் பரத் கோயங்கா ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியது. 1999-ல் அதன் பெயர் டாலி சொல்யூஷன்ஸ் ஆயிற்று. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

டாலி முதலில் 'டாஸ்' முறையில் ஓடியது. பிறகு விண்டோசுக்கு மாறியது. இன்றைய 'டாலி பிரைம்' வரை அது விண்டோசுக்காகச் செய்யப்படும் புரோகிராம். மேக் கம்ப்யூட்டரில் வேண்டுமானால், அதற்குள்ளேயே விண்டோசை ஒரு தனிப் பெட்டி போல ஓடவிட்டு, அதில் டாலியைப் போடுகிறார்கள். லினக்சில் 'வைன்' என்ற இடைத்தரகர் புரோகிராமின் உதவியோடு சிலர் ஓட்டுகிறார்கள். அச்சு எடுக்கும்போதோ, லைசென்சு சரிபார்க்கும்போதோ இடித்தால் பொறுப்பு நம்முடையது.

மூன்று இடத்துக்கு அலைச்சல்

கணக்கர் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அலைந்தார்.

முதலில் போனது கம்பெனி நண்பர் வீட்டுக்கு. அங்கே இருந்தது மேக். பென் டிரைவ் விண்டோசில் 'என்.டி.எப்.எஸ்.' முறையில் தயார் செய்யப்பட்டது. மேக் அதைப் படிக்கும். ஆனால் நேரடியாக அதில் எழுதாது. பைல் கண்ணுக்குத் தெரிந்ததோடு சரி.

அடுத்து, தெரிந்த ஒரு ஜவுளிக் கடை. அங்கே விண்டோஸ் இருந்தது. அதே கணக்குப் புரோகிராமும் இருந்தது. ஆனால் பழைய பதிப்பு. புதிய பதிப்பில் எடுத்த பேக்-அப்பை அது ஏற்கவில்லை. பழையதைப் புதியது படிக்கும். புதியதைப் பழையது படிக்காது.

மூன்றாவதாக ஆடிட்டர் அலுவலகம். அங்கே புதிய பதிப்பு. டிசம்பர் 9-ந்தேதி மாலை மூட்டை அவிழ்ந்தது! நவம்பர் 30-ந்தேதி வரை எல்லாக் கணக்கும் அப்படியே இருந்தது.

கணக்கருக்கு ஒரு நல்ல பழக்கம். மாதக் கடைசியில் கடன் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சு எடுத்து, பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அக்டோபர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. பழி நீங்கியது.

ஒரு வாரக் கணக்கில் கலகம்

ஆனால் தொல்லை தீரவில்லை. டிசம்பர் 1 முதல் 8 வரை நடந்த விற்பனையைக் கணக்கர் லினக்சில் ஒரு 'ஸ்ப்ரெட் ஷீட்'டில் எழுதி வைத்திருந்தார். அதைச் சாதாரண எழுத்துப் பைலாக மாற்றி ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். திறந்து பார்த்தால் தேதிகள் தலைகீழ்!

நாம் நாளை முதலில் எழுதுவோம், மாதத்தை அடுத்து எழுதுவோம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தது. 01/12/2025 என்பதை அது 2025 ஜனவரி 12 என்று படித்தது. டிசம்பர் 1-ந்தேதி விற்பனை, முடிந்துபோன நிதி ஆண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது! 2, 3-ந்தேதி விற்பனையும் அப்படியே பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் போய்விட்டன. ஏப்ரல் 1-ல் ஆண்டு தொடங்கும் நமக்கு இது சின்னத் தவறு அல்ல.

இன்னொன்று. காப்பிக்கு ஜி.எஸ்.டி. சரக்குக் குறியீடு 0901 என்று தொடங்கும். தேயிலைக்கு 0902. ஸ்ப்ரெட் ஷீட் இதை வெறும் எண் என்று நினைத்து, முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. 0901 என்பது 901 ஆயிற்று. பூஜ்யத்தில் தொடங்கும் பேங்க் கணக்கு எண்ணுக்கும் இதே கதிதான்.

மேக் கம்ப்யூட்டரின் பழைய எக்செல் பைல்களில் வேறொரு பொறி உண்டு. விண்டோஸ் எக்செல் நாட்களை 1900-ல் இருந்து எண்ணும். பழைய மேக் எக்செல் 1904-ல் இருந்து எண்ணியது. கவனிக்காமல் ஒன்றில் இருந்து மற்றொன்றில் ஒட்டினால் 1,462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், தேதி தள்ளிப் போகும்.

வாடிக்கைக்காரர் பெயரைத் தமிழில் எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். 'யூனிகோடு' முறையில் அடித்தால் எங்கும் தமிழாகவே இருக்கும்.

சட்டம் சொல்வது

"பேக்-அப் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை" என்பது அதிகாரியிடம் செல்லாது. ஜி.எஸ்.டி. சட்டம் 36-வது பிரிவின்படி, ஆண்டுக் கணக்கு கொடுக்க வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களைக் காப்பாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு பேக்-அப் வைக்க வேண்டும், அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக் கூடியதாக அது இருக்க வேண்டும் என்கிறது 57-வது விதி.

ஆறு ஆண்டுகளுக்குள் கம்ப்யூட்டர் ஒரு முறையாவது மாறிவிடும். ஆகவே இது யாருக்கும் வரக்கூடிய பிரச்சினை.

செய்ய வேண்டியது என்ன?

ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னதையும், பட்டு அறிந்ததையும் சேர்த்துத் தருகிறேன்:-

1. கம்ப்யூட்டரை மாற்றும் முன், கணக்குப் புரோகிராம் புதியதில் ஓடுமா என்று கேளுங்கள். "பேக்-அப் இருக்கிறதா?" என்பது இரண்டாவது கேள்விதான்.

2. பேக்-அப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, இருப்புகள் சரியா என்று பாருங்கள். அதுவரை பழையதை அழிக்க விடாதீர்கள்.

3. எந்தப் பதிப்பில் எடுத்தது, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி பென் டிரைவோடு வையுங்கள்.

4. லைசென்சு அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கும். டாலி போன்றவற்றில் அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் பிறகு இடம் மாற்ற வேண்டும். லைசென்சு இல்லாத பயிற்சி முறையில், மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில்தான் பதிவு செய்ய முடியும்.

5. புரோகிராமை மூடாமல் கணக்கு போல்டரைக் காப்பி எடுக்காதீர்கள். பாதி எழுதிய பைல் கெட்டுப்போகலாம்.

6. பென் டிரைவை 'எக்ஸ்-பேட்' முறையில் தயார் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். இன்றைய லினக்சும் ஏற்கும். பழைய 'பேட்-32' முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைலை வைக்க முடியாது.

7. மாதக் கடைசியில் பேரேடு, கடன் பாக்கி, சரக்கு இருப்பு ஆகியவற்றை பி.டி.எப். ஆகவும் எக்செல் ஆகவும் எடுத்து வையுங்கள். இவற்றைப் படிக்க அந்தக் கணக்குப் புரோகிராம் தேவை இல்லை. முக்கியமானதை அச்சிலும் எடுங்கள்.

தமிழ்ச் சங்கக் கணக்கு, கோவில் விழாக் கணக்கு எழுதுபவர்களுக்கு 'குனுகேஷ்' என்ற இலவசப் புரோகிராம் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஒன்றில் எழுதிய பைலை மற்றொன்றில் அப்படியே திறக்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி. படிவங்களை அது தயாரித்துத் தராது.

மறுபடியும் அதே நாற்காலி

தேதிகளையும் குறியீடுகளையும் இரண்டு மாலை உட்கார்ந்து கணக்கர் கையால் திருத்தினார். 11-ந்தேதி நவம்பர் கணக்கு போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி 'விண்டோஸ் 11' ஏற்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரை எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்தார். லினக்ஸ் போட்ட மிஷின் வீட்டில் பிள்ளைகள் படிக்கப் பயன்படுகிறது. நன்றாகவே ஓடுகிறதாம்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் அலுவலகக் கம்ப்யூட்டரில் பேக்-அப்பைத் திறந்து பார்க்கிறார்கள். கணக்கரோடு அண்ணாச்சியும் போகிறார்.

"அன்றைக்கு ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டேன் தம்பி, மனசிலே வைக்காதே" என்று அவர் சொன்னாராம்.

கணக்கர் என்னிடம் சொன்னது இது: "காகிதத்தில் அச்சு எடுப்பதைப் பார்த்து, 'கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு?' என்று எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நாலு காகிதம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது."