உலோகம் கண்டறியும் கருவிகள்: ஓர் ஒப்பீடு
(மன்னார்க் கரையை உதாரணமாகக் கொண்டு)



க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞான பாடத்தில் மின்காந்தத் தூண்டலைக் கற்கின்றீர்கள். வரலாற்றுப் பாடத்தில் மாதோட்டத் துறைமுகத்தைப் பற்றிக் கற்கின்றீர்கள். இவ்விரு பாடங்களையும் இணைக்கும் ஒரு கருவி உண்டு. நம்மவர்கள் அதை "ஸ்கேனர்" என்பர். ஸ்கேனருடன் புதையல் தேடியோர் கைது என்ற செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். பிரித்தானியா போன்ற நாடுகளில் இதைக் கொண்டு பழம்பொருள் தேடுவது பொழுதுபோக்காகவும் உள்ளது. இக்கருவியின் வகைகள் யாவை, மன்னார்க் கரையில் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவற்றை இங்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அடிப்படைத் தத்துவம்

மாறும் காந்தப்புலத்தில் ஒரு கடத்தி இருப்பின் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். இதனை மைக்கேல் பரடே 1831 இல் எடுத்துக்காட்டினார். கருவியின் சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது நிலத்தினுள் மாறும் காந்தப்புலம் பரவுகின்றது. அங்கு உலோகம் இருப்பின் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அவ்வோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை ஏற்படுத்தும். அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகின்றது.

1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடலினுள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகம் பெல் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். முயற்சி பலிக்கவில்லை. மெத்தையிலிருந்த உலோகச் சுருள்கள் சைகையைக் குழப்பியமை அதற்கு ஒரு காரணம் ஆகும். "உலோகம் உண்டு" எனக் கருவி கூறும். "இது இன்ன பொருள்" என உறுதியாகக் கூறாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. மூன்று வகைகள்

(அ) அடிப்பு மீடிறன் வகை: இதில் இரண்டு அலையங்கள் உண்டு. உலோகம் அருகில் வந்ததும் தேடும் சுருளுக்குரிய அலையத்தின் மீடிறன் சற்று மாறும். இரு மீடிறன்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒலியாகக் கேட்கும். அமைப்பு எளியது, விலை குறைந்தது. ஆழம் குறைவு. உலோகங்களை வேறுபடுத்தும் திறனும் குறைவு.

(ஆ) மிகத் தாழ் மீடிறன் வகை: இதில் அனுப்பும் சுருள், வாங்கும் சுருள் என இரண்டு உண்டு. மீடிறன் 3 முதல் 30 கிலோஹேட்ஸ் வரை. திரும்பி வரும் சைகை சிறிது பின்தங்கி வரும். இப்பின்தங்கல் உலோகத்துக்கு உலோகம் வேறுபடுவதால் இரும்பையும் வெள்ளியையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆயினும் மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பானப் பேணியின் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே சைகையைத் தரக்கூடும்.

(இ) துடிப்புத் தூண்டல் வகை: சுருளில் மின்னோட்டம் தொடர்ச்சியாகப் பாயாது. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான குறுந்துடிப்புகளாகப் பாய்ந்து நிற்கும். ஒவ்வொரு துடிப்பும் நின்றபின் சில மைக்ரோ செக்கன்கள் பொறுத்தே கருவி சைகையை வாங்குகின்றது. உப்புநீரில் தூண்டப்படும் மின்னோட்டம் விரைவில் அழிந்துவிடும். உலோகத்தில் தூண்டப்படுவது சற்று நீடிக்கும். எனவே உப்புநீரின் குழப்பம் பெரிதும் நீங்குகின்றது. குறை யாதெனில், ஆணியையும் நாணயத்தையும் வேறுபடுத்தும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. மின்கலமும் விரைவில் தீரும்.

3. மன்னார்க் கரையில் எது பொருத்தமானது?

பேசாலை, தலைமன்னார் போன்ற கரைகளின் உலர்ந்த மணலில் இரண்டாம் வகை நன்கு இயங்கும். ஆனால் அலை வந்து போகும் ஈர மணல் உப்புநீரால் நிறைந்தது. அதுவும் ஒரு கடத்தியே. அங்கு ஒரே மீடிறனில் இயங்கும் கருவி வீணாக ஒலி எழுப்பும். மேலும் மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று என்னும் இரும்பும் தைத்தேனியமும் கொண்ட கனிமம் கலந்துள்ளது. இத்தகைய கனிம மணலும் சைகையைக் குழப்பக்கூடியது. ஆகவே ஈரக்கரைக்கு மூன்றாம் வகையோ, ஒரே நேரத்தில் பல மீடிறன்களைப் பயன்படுத்தும் இன்றைய கருவியோ ஏற்றது.

4. கருவி காட்டாத செல்வம்

மன்னாரின் பழம்பெருமைக்குக் காரணமான பொருட்களை எண்ணிப் பாருங்கள். அரிப்புக் கடலில் எடுத்த முத்து உலோகம் அன்று. திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வில் கிடைத்த சீன, மேற்காசிய மட்பாண்டத் துண்டுகளும் உலோகம் அல்ல. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அங்கு மீண்டும் அகழ்ந்தபோது கருகிய மிளகுகளும் ஒரேயொரு கிராம்பும் கிடைத்தன. அக்கிராம்பு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பழைமையானது. கிராம்பின் பிறப்பிடமோ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். மாதோட்டத்தின் வணிகம் அவ்வளவு தூரத்துடன் தொடர்புபட்டிருந்தது என்பதற்கு அந்தச் சிறு பொருளே சான்று.

எந்தக் கருவியும் கிராம்புக்கு ஒலி எழுப்பாது. மண்ணைப் படை படையாக அகற்றி, சலித்து, கழுவித் தேடியதாலேயே அது கிடைத்தது. நாணயம் தேடி ஒருவர் அவ்விடத்தில் குழி தோண்டியிருந்தால் கிராம்பு மண்ணோடு வீசப்பட்டிருக்கும். எந்தப் படையில் எப்பொருள் கிடந்தது என்ற செய்தியும் அழிந்திருக்கும்.

5. அதே ஒலி, வேறு பொருள்

2009 இல் முடிந்த போர் மன்னார் மாவட்டத்திலும் மிதிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் விட்டுச் சென்றது. பல மிதிவெடிகளின் உடல் பிளாத்திக்கு அல்லது மரம். உள்ளே சிறிதளவு உலோகமே உண்டு. அதன் சைகை ஒரு ஆணியின் சைகையைப் போல மெல்லியது. மிதிவெடி அகற்றுவோரும் உலோகம் கண்டறியும் கருவியையே பயன்படுத்துகின்றனர். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், காப்புடை அணிந்தவர்கள். ஒவ்வொரு ஒலியையும் வெடி எனக் கருதியே மண்ணைப் பக்கவாட்டில் மெதுவாக அகற்றுவர். பொழுதுபோக்காகத் தேடுபவரோ ஒவ்வொரு ஒலியையும் நாணயம் எனக் கருதி மேலிருந்து தோண்டுகின்றார். பழைய இரும்பு பொறுக்கச் சென்று உயிரையும் கால்களையும் இழந்தோர் வடக்கில் உள்ளனர்.

ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாதீர்கள். நின்று, வந்த வழியே திரும்புங்கள். பெரியோரிடமும் பொலிசாரிடமும் (119) கூறுங்கள்.

6. சட்டம் கூறுவது

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தில் மறைந்துள்ள தொல்பொருட்கள் அரசின் சொத்தாகும். காணி உங்களுடையது என்பதால் அதில் கிடைக்கும் தொல்பொருள் உங்களுடையதாகாது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்களாகக் கொள்ளப்படும். தொல்பொருட்களைத் தேடி அகழ்வதற்குத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்.

வெளிநாட்டில் நிகழ்ந்த ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 1992 இல் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் என்னும் ஊரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலை அவருடைய நண்பர் கருவியால் தேடினார். உரோமர் கால நாணயங்கள் வெளிப்பட்டன. முழுவதையும் தோண்டாமல் நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். தொல்லியலாளர் வந்து அகழ்ந்ததில் சுமார் 15,000 நாணயங்களும் அவை வைக்கப்பட்டிருந்த ஒழுங்கும் கிடைத்தன. அச்சுத்தியலும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கருவி செய்தது சிறு வேலை. தோண்டுவதை நிறுத்திய கையே வரலாற்றைக் காத்தது.

நினைவிற் கொள்க

• உலர்ந்த மணல்: மிகத் தாழ் மீடிறன் வகை.
• ஈர உப்பு மணல்: துடிப்புத் தூண்டல் அல்லது பன்மீடிறன் வகை.
• முத்து, மட்பாண்டம், கிராம்பு: எக்கருவியும் காட்டாது.
• நாணயமும் மிதிவெடியும்: ஒலியைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

பயிற்சி வினாக்கள்

1. துடிப்புத் தூண்டல் வகைக் கருவி ஈர மணலில் சிறப்பாக இயங்குவது ஏன்?
(குறிப்பு: உப்புநீரிலும் உலோகத்திலும் தூண்டப்படும் மின்னோட்டங்கள் அழியும் நேரத்தை ஒப்பிடுக.)

2. மாந்தையில் கிடைத்த கிராம்பு வரலாற்றாசிரியருக்கு ஒரு தங்க நாணயத்தை விடப் பெறுமதியானதாக இருக்கலாம். காரணம் தந்து விளக்குக.

3. உங்கள் ஊரில் ஒருவர் ஸ்கேனர் வாங்கிப் புதையல் தேட எண்ணுகின்றார். விஞ்ஞானம், பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்றின் அடிப்படையில் அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனையை எழுதுக.