மேலே மிளகு, கீழே கேழ்வரகு
திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் எங்கே எதை உண்பது?

ஏழுமலையின் உச்சியில் சமைக்கப்படும் உணவும் அதன் அடிவாரத்து ஊர்களில் சமைக்கப்படும் உணவும் ஒன்றல்ல. மலைமேல் உள்ளது வைணவக் கோயிலின் மடைப்பள்ளி வகுத்த முறை; மலைக்குக் கீழே உள்ளது மழை குறைந்த ராயலசீமை மண் வகுத்த முறை; இவ்விரண்டுக்கும் இடையே, பழைய வட ஆற்காட்டுத் தொடர்பால் நிலைத்துவிட்ட தமிழ்ச் சிற்றுண்டி முறை ஒன்றும் உண்டு. தமிழகத்திலிருந்து செல்லும் பயணிகளுள் பெரும்பாலோர் மூன்றாவதை மட்டுமே உண்டு, முதலாவதில் லட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைத் தொடாமலேயே ஊர் திரும்பிவிடுகின்றனர் என்பதால், இம்மூன்றையும் பிரித்தறிந்து எங்கே எதைக் கேட்டு உண்பது எனத் தெரிந்துகொள்வது பயனுடையது.

இந்தக் கலப்புக்கு வரலாற்றுக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரலில் உருவானபோது, சித்தூர், பலமனேர், திருப்பதி ஆகிய வட்டங்கள் வட ஆற்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவை கடப்பையிலிருந்தும் எடுத்துச் சேர்க்கப்பட்டன. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. நகரி, புத்தூர், குப்பம் போன்ற எல்லைப் பகுதிகள் தமிழ் பேசும் குடும்பங்களோடு ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னரும், இரு மாவட்டங்களின் சமையலறைகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு ஏதும் இல்லை.

மடைப்பள்ளியின் கணக்கு

திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகுதியானவை தமிழில் அமைந்தவை; அவற்றுள் பெரும்பகுதி, இறைவனுக்கு நாள்தோறும் எவ்வளவு உணவு படைக்கப்பட வேண்டும் என்பதையே பேசுகின்றன. படைக்கப்படும் சோறு அவற்றில் ‘திருப்போனகம்’ எனப்படுகிறது. அப்பம், அதிரசம், வடை, சுகியன், மனோகரம் முதலிய பணியாரங்களுக்குத் தேவையான அரிசி, நெய், வெல்லம், மிளகு ஆகியவை அளவோடு குறிக்கப்படுகின்றன. விஜயநகரக் காலத்தில் அறக்கட்டளை வைத்தவருக்குப் படைத்த உணவில் நான்கில் ஒரு பங்கு உரிமையாயிற்று. ‘விட்டவன் விழுக்காடு’ என்று கல்வெட்டுகள் கூறும் பங்கு இதுவே. இந்தப் பங்குகளை உரியவர்கள் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடிந்தது என்பதால், யாத்திரிகரின் பசியைத் தீர்க்கும் ஏற்பாடு திருப்பதியில் உணவகங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது எனலாம்.

அந்த மரபின் சுவையை இன்றும் அறிய விரும்புவோர் லட்டோடு நின்றுவிடாமல் வடையையும் தேடிப் பெற வேண்டும். திருமலை வடை, உணவக வடையைப் போல மெத்தென்று உப்பியதன்று. தோல் நீக்காத உளுந்தைக் கரகரப்பாக அரைத்து, மிளகு சேர்த்து, அகலமாகத் தட்டி, நெடுநேரம் கெடாதிருக்கும்படி மொறுமொறுப்பாகப் பொரிக்கப்படுவது. மிளகும் நெய்யும் தாராளமாக விழுந்த வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்ச்சோறு ஆகியவையும் மடைப்பள்ளியின் அன்றாடப் படைப்புகள். இவற்றுள் மண் ஓட்டில் வைத்த தயிர்ச்சோறு மட்டுமே கருவறை வாயிலிலுள்ள குலசேகரன் படியைத் தாண்டி உள்ளே செல்லும் என்பது கோயில் மரபு. வியாழக்கிழமைதோறும் நடைபெறும் திருப்பாவாடை சேவையில் புளியோதரை பெருங்குவியலாகப் படைக்கப்படுகிறது. அச்சேவையில் கலந்துகொள்வோர்க்குக் கிடைக்கும் ஜிலேபியும் முறுக்கும் வேறு நாளில் எளிதில் கிடைப்பவை அல்ல.

லட்டு இந்த வரிசையில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 1715ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுவதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் ஆகியவை எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பதை வரையறுக்கும் பட்டியலுக்குத் ‘திட்டம்’ என்றே பெயர். லட்டு தயாராகும் கூடத்தைத் தெலுங்கில் ‘போட்டு’ என்பர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் லட்டுகள் அங்கே உருவாகின்றன. 2009இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததால், வேறு எவரும் திருப்பதி லட்டு என்ற பெயரில் விற்க இயலாது. நெய்யின் தரம் பற்றி 2024 செப்டம்பரில் எழுந்த சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை சென்று, அடுத்த மாதமே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைய வழிவகுத்தது; ஓர் இனிப்பின் பொருட்டு நாடே கவலை கொண்டது என்பதே அதன்மீது மக்கள் வைத்திருக்கும் பற்றுக்குச் சான்று.

மலைமேல் முழுச் சாப்பாடு வேண்டுவோர் விடுதிகளைத் தேட வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெண்பாற்புலவரான தரிகொண்ட வெங்கமாம்பா திருமலையில் அடியார்க்கு அன்னமிட்டவர். கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் 1985இல் என்.டி. ராமாராவ் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய அன்னதானத் திட்டத்துக்காக 2011இல் திறக்கப்பட்ட பெருங்கூடம் வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோறு, சாம்பார், ரசம், பொரியல், துவையல், சர்க்கரைப் பொங்கல், மோர் என்று கட்டணமின்றிப் பரிமாறப்படும் அந்தப் பந்தியில் வெங்காயமும் பூண்டும் இடம்பெறுவதில்லை. 2025இல் வடை சேர்க்கப்பட்டபோதும் இவ்விதி தளரவில்லை.

மலையடிவாரத்துத் தட்டு

கீழே இறங்கியதும் சமையலின் இலக்கணம் முற்றிலும் மாறிவிடுகிறது. வானம் பார்த்த நிலமாகிய இவ்வட்டாரத்தில் நெல் கிணற்றையும் ஏரியையும் நம்பியது. கேழ்வரகும் நிலக்கடலையும் குறைந்த நீரில் விளைந்தவை. ஆகவே இவ்விரண்டுமே வீட்டு உணவின் அடித்தளமாயின. கேழ்வரகின் முதன்மையான வடிவம் ‘ராகி சங்கடி’, அதாவது தமிழர் களி என்பது. கர்நாடகத்துக் களியாகிய முத்தெ பெரும்பாலும் மாவினால் மட்டுமே ஆவது. சங்கடியிலோ சோறும் கலந்திருக்கும்.

அதைச் செய்வதில் நுட்பம் உண்டு. நொய்யைக் குழையும் பதம் வரை நிறைய நீரில் வேகவிட்டு, கொதிக்கும் அந்தச் சோற்றின் நடுவே கேழ்வரகு மாவைக் கிளறாமல் குவித்து, மூடிவைத்து, மாவு ஆவியில் வெந்த பிறகே மரத்துடுப்பால் கட்டி தட்டாதபடி விரைந்து கிண்ட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஈரக் கையால் உருட்டி இலையில் வைத்ததும், நடுவில் குழி செய்து நெய்யோ குழம்போ ஊற்றி, ஓரத்திலிருந்து கிள்ளித் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது உள்ளூர் வழக்கம். பல்லால் மெல்ல முயல்வோர்க்கு அது மாவாகவே படும். விழுங்கத் தெரிந்தவர்க்கே குழம்பின் சுவை தெரியும்.

அந்தக் குழம்பு பெரும்பாலும் ‘நாட்டுக்கோடி புலுசு’ ஆகும். கோடி என்றால் கோழி. புலுசு என்றால் புளி சேர்ந்த குழம்பு. பண்டிகை நாள்களில் இதே குழம்புக்கு அலசந்த வடை துணையாகிறது. அலசந்தலு என்பது தமிழில் காராமணி. உணவகப் பட்டியலில் ‘வேபுடு’ என்றிருந்தால் வறுவல் என்றும், ‘இகுரு’ என்றிருந்தால் நீர் வற்றச் சுண்டிய தொக்கு போன்றது என்றும், ‘சாரு’ என்றால் ரசம் என்றும் கொள்ள வேண்டும். ‘பச்சடி’ என்ற சொல்லில்தான் தமிழர் ஏமாறுவர்; அங்கே அது தயிர்ப்பச்சடி அன்று, காரமான துவையல். புளிச்சகீரையால் ஆன கோங்கூரா பச்சடியும், வறுத்த நிலக்கடலையோடு மிளகாய், புளி, பூண்டு சேர்த்து அரைத்த பச்சடியும் சங்கடிக்கு உகந்தவை; அசைவம் உண்ணாதோர் பருப்பும் கீரையும் சேர்ந்த ‘பப்பு’டன் இவற்றைக் கேட்டு நிறைவாக உண்ணலாம்.

காலை, மாலைச் சிற்றுண்டியில் தமிழ்நாட்டு இட்லியும் பொங்கலும் எங்கும் கிடைக்கும். எனினும், மிளகாயும் பூண்டும் அரைத்த சிவந்த விழுதைப் பூசி, பொட்டுக்கடலைப் பொடி தூவி வார்க்கும் காரம் தோசையும், ‘குண்ட பொங்கனாலு’ என்ற பெயரில் விற்கும் குழிப்பணியாரமும், இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள ஊற்றப்படும் நிலக்கடலைச் சட்னியும் ராயலசீமையில் பெயர்பெற்றவை. இவற்றைப் பெரிய உணவகங்களைவிடத் தெருவோரக் கடைகளில் தேடுவதே பொருத்தம்.

எங்கே அமர்வது?

திருப்பதி நகரில் இரயில் நிலையத்தை ஒட்டி நெடுங்காலமாக இயங்கிவரும் பீமாஸ், கோவிந்தராஜ சுவாமி கோயில் குளத்தருகே உள்ள சிந்தூரி பார்க் போன்ற இடங்கள், குழந்தைகளோடும் முதியோரோடும் செல்லும் குடும்பங்களுக்குச் சைவச் சாப்பாட்டுக்கு ஏற்றவை. சங்கடியும் நாட்டுக்கோழியும் தேடுவோர் கோயில் சுற்றுப்புறத்தை விட்டு விலகி, உள்ளூர்த் தொழிலாளரும் ஓட்டுநரும் மதிய வேளையில் கூடும் சிறு உணவகங்களை நாட வேண்டும். திருமலையில் அசைவமும் மதுவும் முற்றிலும் தடை செய்யப்பட்டவை என்பதால், அசைவம் உண்ண எண்ணுவோர் தரிசனத்தை முடித்துக்கொண்டு இறங்கிய பிறகு உண்பதே முறை.

திருப்பதியிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள சித்தூர், பயணிகள் கூட்டமில்லாத ஊர் என்பதாலேயே வீட்டுச் சமையலுக்கு நெருக்கமான உணவைத் தருகிறது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குச் செல்வோரும், வேலூர் வழியாகத் திரும்புவோரும் அங்கே மதிய உணவுக்கு இறங்கலாம். வெல்லச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நல்ல வெல்லம் வாங்க விரும்புவோர் அதற்கென ஒரு பை வைத்திருப்பது நலம். கோடையில் சென்றால் மாம்பழம் வேறு சேரும். தமிழர் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோத்தாபுரி இம்மாவட்டத்தின் தலையாய வகை. அதன் பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்குச் சென்றுவிட, உண்பதற்கான பங்கனப்பள்ளி முதலிய வகைகள் தாமலச்செருவு, பங்காருப்பாளையம் சந்தைகளிலும் சாலையோரங்களிலும் குவிந்து கிடக்கும்.

ஆகவே, இரண்டு நாள் பயணம் செல்லும் குடும்பம் ஒரு வேளை மலைமேல் அன்னதானப் பந்தியிலும், ஒரு வேளை கீழே சங்கடித் தட்டின் முன்னும் அமர்ந்தால்தான் அந்த ஊரின் உணவை முழுமையாக அறிந்ததாகும். உணவகத்தில் நுழைந்ததும் ‘சங்கடி உந்தா?’ என்று கேட்டால் போதும்; இருக்கிறதா என்பது அதன் பொருள். ஆறினால் இறுகிவிடும் பண்டம் அது. மதிய வேளையில் சுடச்சுடக் கேட்டு உண்க.