சதுரங்கப்பட்டினம் 1754, பாரிஸ் 1763: ஆற்காட்டு நவாப் யார்?

பெரிய யுத்தம் முடிஞ்சதும் நாடுகள் ஒரு ஊரில் கூடி உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்துவது வழக்கம். வியன்னா 1815, வெர்சாய் 1919 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அதே மாதிரி ஒரு பேச்சுவார்த்தை நம்ம கல்பாக்கம் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்தில் 1754 ஜனவரியில் நடந்திருக்கிறது. ஆங்கிலேய ஆவணங்களில் அந்த ஊர் பெயர் சதராஸ். டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. ரெண்டு தரப்புக்கும் பொதுவான இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிவிடுகிறேன். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். மகன் முகமது அலி தப்பித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்தார்கள், முகமது அலியை ஆங்கிலேயர்கள். எங்க காஞ்சிபுரமும் இதில் மாட்டிக்கொண்டது. 1751இல் பிரெஞ்சுப் படை இங்கே ஒரு கோயிலையே கோட்டையாக்கி உட்கார்ந்தது, கிளைவ் பீரங்கியோடு வந்து பிடித்தார். (உயரமான கருங்கல் மதிலைப் பார்த்தால் ராணுவக்காரனுக்கு வேறென்ன தோணும்?) 1752இல் சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது. அப்படியும் சண்டை ஓயவில்லை.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. அது புரியாவிட்டால் சதுரங்கப்பட்டினத்தில் என்ன பேசினார்கள் என்பதே புரியாது. 1748இலிருந்து 1756 வரை ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம். கம்பெனிகள் ரெண்டும் இங்கே நேரடி எதிரிகளாகச் சண்டை போடவில்லை, "எங்க நவாபுக்கு உதவிக்கு வந்தோம்" என்ற பெயரில்தான் போட்டார்கள். அதனால் பிடித்த ஊரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் "நவாப் கொடுத்தார்" என்று காட்ட ஒரு காகிதம் வேணும். அந்தக் காகிதம் செல்லணும்னா, கொடுத்தவர் நிஜமான நவாபாக இருக்கணும். அவர் நிஜ நவாப் என்பதற்கு ஐதராபாத் சுபேதாரோ டில்லி பாதுஷாவோ கொடுத்த சனது வேணும். ஒன்றை நம்பி இன்னொன்று நிற்கிற சங்கிலி.

ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் பாக், ஹென்றி வான்சிட்டார்ட் என்று ரெண்டு பேர் வந்தார்கள். பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்தவர் இந்தப் பாக்தான், ஆரம்பத்தில் கப்பல்படைப் பாதிரியார். பிரெஞ்சுத் தரப்புக்கு லவோர் என்ற சேசு சபைப் பாதிரியார் தலைமை. முகமது அலியை நவாபாக ஏற்றுக்கொள் என்றது ஒரு பக்கம். சலபத் ஜங்கைத் தக்காண சுபேதாராகவும், அவர் டுப்ளேக்குக் கொடுத்த அதிகாரத்தையும் ஏற்றுக்கொள் என்றது இன்னொரு பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் சனதுகளை எடுத்து வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் பாதுஷாவின் கடிதத்தில் இருந்த முத்திரையையே சந்தேகப்பட்டார்கள். சரி, உங்க ஆள் சனது எங்கே என்று கேட்டால், அது திருச்சியில் இருக்கு என்றார்கள். சில நாளிலேயே பேச்சு முறிந்தது.

அந்த வருஷமே டுப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். ஆகஸ்டில் வந்திறங்கிய கொதேயு, சென்னை கவர்னர் சாண்டர்சோடு ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டார். ரெண்டு கம்பெனியும் இந்தியப் பட்டங்களை விட்டுவிட வேண்டும், இந்திய ராஜாக்கள் சண்டையில் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் ஒப்புதல் வாங்கணும் என்று நிபந்தனை வேறு. 1756இல் அங்கேயே யுத்தம் வெடித்தது, ஒப்பந்தம் காற்றோடு போச்சு. 1757இல் காஞ்சிபுரம் கோயிலைப் பிடிக்க முடியாத பிரெஞ்சுப் படை ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. 1760 ஜனவரியில் வந்தவாசி, 1761 ஜனவரியில் புதுச்சேரி என்று பிரெஞ்சு ஆட்டம் முடிந்தது.

இனி பாரிஸ். 1763 பிப்ரவரி 10ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு பெரும்பாலும் இந்திய விவகாரம்தான். 1749 தொடக்கத்தில் இருந்த வணிக நிலையங்கள் மட்டும் பிரான்சுக்குத் திரும்பக் கிடைக்கும், அதுவும் இப்போது எந்த நிலையில் இருக்கோ அந்த நிலையில். புதுச்சேரியைத்தான் ஏற்கெனவே இடித்துத் தள்ளியிருந்தார்களே! அடுத்து, முகமது அலியே சட்டப்படியான கர்நாடக நவாப், சலபத் ஜங்கே சட்டப்படியான தக்காண சுபேதார் என்று ரெண்டு நாடும் ஏற்றுக்கொண்டன. ஒன்பது வருஷம் முன்பு சதுரங்கப்பட்டினத்தில் ஆளுக்கொன்றாகக் கேட்டதை இங்கே ரெண்டு பேருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னன்னா, சலபத் ஜங்கை அவர் தம்பி நிஜாம் அலி 1762இலேயே பதவியிலிருந்து தள்ளிச் சிறையில் போட்டிருந்தார். பாரிஸில் மை காயும்போது அந்தச் "சட்டப்படியான சுபேதார்" பீதர் கோட்டைக் கைதி. அதே 1763இல் அங்கேயே இறந்தார். அந்த மேசையில் ஆற்காட்டிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ ஒருத்தர்கூட இல்லை. இருந்திருந்தால் இதையாவது சொல்லியிருப்பார்.

முகமது அலிக்கு அந்த ஒரு வரி வேறு விதத்தில் பயன்பட்டது. ரெண்டு ஐரோப்பிய மன்னர்கள் என்னைப் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறார்கள், ஆகவே நான் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவன் இல்லை, நேரா உங்க ராஜாவோடு பேசுவேன் என்று வாதாடினார். அது எடுபடவும் செய்தது. 1770இல் சர் ஜான் லிண்ட்சே பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாகவே நவாபிடம் வந்தார், சென்னைக் கவர்னர் சபை கொதித்துப் போனது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மனுஷன் அந்நியர் எழுதிய வாக்கியத்தை அவர்கள் மேலேயே திருப்பியதை நான் ரசிக்கிறேன். ஆனால் கடன் கடன்தான், கம்பெனிக்கும் தனி ஆட்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே போனது.

1795இல் முகமது அலி இறந்தார். அவர் மகனும் 1801 ஜூலையில் இறந்ததும், அதே மாதம் 31ஆம் தேதி இன்னொரு வாரிசிடம் கையெழுத்து வாங்கிக் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரம் அந்தக் கணக்கிலேயே வராது. செங்கல்பட்டு ஜாகீரோடு சேர்த்து எங்க ஊரை நவாப் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது, பாரிஸில் அவரை நவாப் என்று ஏற்றுக்கொண்ட அதே 1763இல்.