மெட்டை முதலிலேயே சொல்லிவிடும் நாவல்

டோனி மாரிசனின் ‘ஜாஸ்’ நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. யார் பேசுகிறார், எந்த வருடம் நடக்கிறது என்று பிடிபடாமல் பாதியில் மூடி வைத்தவர்கள் ஒரு கட்சி. முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பியவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். முதல் தடவை விட்டுவிட்டேன். ஜாஸ் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நாவல் திறந்துகொண்டது.

1992-ல் வெளிவந்த நாவல் இது. களம் 1926-ன் ஹார்லெம். ஐம்பது வயது கடந்த ஜோ ட்ரேஸ், தான் காதலித்த பதினெட்டு வயது டோர்கஸைச் சுட்டுவிடுகிறான். அவன் மனைவி வயலெட், அந்தப் பெண்ணின் இறுதிச் சடங்கில் பிணத்தின் முகத்தைக் கத்தியால் கீறுகிறாள். இத்தனையும் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. பிறகு என்ன மிச்சம்?

ஜாஸ் கலைஞர்கள் முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசித்துவிடுவார்கள். அதற்கு ‘ஹெட்’ என்று பெயர். பல பாட்டுகளில் அது 32 ‘பார்’, அதாவது 32 தாள ஆவர்த்தன நீளம். அப்புறம் மெட்டு மறைந்துவிடும். அதன் அடியில் இருந்த ‘கார்டு’ வரிசை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் டிரம்பெட்காரர் ஒரு சுற்று, சாக்ஸபோன்காரர் ஒரு சுற்று என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாரிசன் செய்வதும் இதைத்தான். கொலைதான் மெட்டு. அதன்மேல் ஜோவின் குரல், வயலெட்டின் குரல் எனச் சுற்றுகள் வருகின்றன. ஒரு சுற்று பின்னோக்கி வர்ஜீனியாவுக்குப் போகிறது: அங்கே வயலெட்டின் தாய் ரோஸ் டியர் கிணற்றில் விழுந்து சாகிறாள். இன்னொன்று அதற்கும் முன்னால், அடிமையாக வாழ்ந்த பாட்டி ட்ரூ பெல்லின் காலத்துக்கு. மூன்று தலைமுறையின் துயரம் அந்த ஒரு துப்பாக்கிச் சத்தத்தின் அடியில் ஓடுகிறது.

மெட்டு தெரிந்தவருக்கு மட்டும் ஏன் இது இனிக்கிறது? மான்ட்ரியலில் சாலிம்பூர், ஸடோரே குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில், சிலிர்க்கவைக்கும் இடம் வந்தபோது டோபமின் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரந்தது. அது வருவதற்குச் சற்று முன்பும், மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. எதிர்பார்ப்பதே ஓர் இன்பம். ஆனால் எதிர்பார்க்க வேண்டுமானால் அடுத்து வரப்போவது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். மாரிசன் முடிவை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ‘அடுத்து என்ன’ என்று தேடுபவர் சோர்கிறார். ‘இந்த முறை எப்படி’ என்று காத்திருப்பவர் சிலிர்க்கிறார்.

இது கேட்பவரின் மூளை. வாசிப்பவரின் மூளையில் என்ன நடக்கிறது? 2008-ல் சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, இரும்பில்லாத 35 கட்டைக் கீபோர்டை வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டுக் கற்பனையாக வாசித்தபோது, ‘சரியா, தப்பா’ என்று நம்மையே கண்காணிக்கும் முன்மூளையின் பக்கப் பகுதிகள் அடங்கின. தன்னைப் பற்றிச் சொல்வதோடு தொடர்புள்ள நடுப்பகுதி விழித்தது.

இதைப் படித்ததும் எனக்கு நாவலின் கதைசொல்லிதான் நினைவுக்கு வந்தது. பெயரில்லாத அந்தக் குரல், இன்னொரு கொலை நடக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறது. நடப்பதில்லை. தான் இவர்களைத் தவறாகப் புரிந்துகொண்டதாக அதுவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் முன்பு சொன்னதை அழிப்பதில்லை. மேடையில் விழுந்த சுரத்தையும் அழிக்க முடியாது, அங்கிருந்துதான் மேலே போக வேண்டும். சிலர் குறையாகச் சொல்லும் இந்த இடமே நாவலின் உச்சம் என்பேன்.

பாதியில் விட்டவர்கள் மறுபடி எடுத்துப் பாருங்கள். நாவலில் முதலில் வருவது ஒரு சொல்கூட அல்ல. நாம் ‘ச்சு’ கொட்டுவோமே, அதைப் போன்ற ஒரு சத்தம். அங்கிருந்து முதல் பத்தியை வாய்விட்டு இரண்டு தரம் படித்துவிட்டு மேலே போங்கள்.