பாரம் இழுக்கும் வண்டியும் ஐந்தாவது கியரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளில், வைக்கோலும் கால்நடையும் ஏற்றிய பாரவண்டிகளை இழுப்பதற்கு, 1994 முதல் 1997 வரை வெளிவந்த டாட்ஜ் டீசல் பிக்கப் வண்டிகள் பல இன்றும் உபயோகத்திலுள்ளன. 5.9 லிட்டர் கம்மின்ஸ் இஞ்சினும், கையால் மாற்றும் ஐந்து கியர்களும் உடையவை இவற்றுட் பல.

நான்காவது கியரில் இஞ்சினும் அதன் பின்னுள்ள தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். சக்தி நேரே செல்வதால் பெட்டியிலுள்ள பற்சக்கரங்களின்மீது சுமை விழுவதில்லை. ஓவர்டிரைவ் எனப்படும் ஐந்தாவதிலோ, இஞ்சின் ஏறக்குறைய மூன்று முறை சுழல, பின்தண்டு நான்கு முறை சுழலும். சக்தி முழுவதும் துணைத்தண்டின் வழியே இரண்டு ஜோடிப் பற்சக்கரங்களைக் கடந்து வரும். பாரமின்றிச் சமதரையில் ஓடுங்கால் இதனால் எண்ணெய் மிச்சமாகும், இரைச்சலும் குறையும்.

பாரத்துடன் மேடேறுங்கால் நிலைமை வேறு. நான்காவதில் நிமிஷத்திற்கு 2000 சுற்றுச் சுழலும் இஞ்சின், அதே வேகத்தில் ஐந்தாவதில் சுமார் 1500 சுற்றே சுழலும். இவ்விஞ்சினின் இழுவிசை உச்சமடைவதோ சுமார் 1600 சுற்றில். அதற்குக் கீழே மிதியை அழுத்தினால் இஞ்சின் திணறும், சூடு மிகும், அதன் அதிர்ச்சிகள் தண்டுகளைத் தாக்கும். நாளடைவில் ஐந்தாவது சக்கரத்தைப் பிடித்துள்ள நட்டு தளர்ந்து, சக்கரம் இடம் பெயர்தல் இப்பெட்டிகளில் பலரறிந்த கேடாகும். அப்பால் ஐந்தாவதில் வண்டி இழுக்காது. அறுவடைக் காலத்தில் இது நேரின் நஷ்டம் பெரிது.

ஆகையால், பாரம் இழுக்குங்கால் நான்காவதிலேயே செல்க. ஐந்தாவதைப் பாரமில்லாத பயணத்திற்கு வைத்துக்கொள்க. சிறிது எண்ணெய் கூடுதலாகச் செலவாயினும் பெட்டி நெடுநாள் உழைக்கும்.