இரத்தப்பெருக்கும் உப்புநீரும்

காயத்தினின்றும் இரத்தம் மிகுதியாய்ப் பெருகுங்கால் நாடி தளர்ந்து, தேகம் குளிர்ந்து, உயிர் ஊசலாடும். இழந்த அளவை உடனே உப்புநீரால் நிரப்புதலே தக்கதென நாம் எண்ணுதல் இயல்பே. ஆயின் இரத்த அழுத்தம் மிகின், காயத்தை அடைத்து நின்ற இரத்தக்கட்டி பெயர்ந்துவிடலாம். உப்புநீரோ பிராணவாயுவைச் சுமக்கவும் குருதியை உறைவிக்கவும் வல்லதன்று. 1918-ஆம் ஆண்டிலேயே வால்ட்டர் கானன் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வபாயத்தைச் சுட்டினார். 1994-இல் வெளியான ஹூஸ்டன் நகர ஆராய்ச்சியில், குண்டோ கத்தியோ உடலிற் பாய்ந்த 598 பேருள், சத்திரசிகிச்சை வரையில் நீரேற்றப்படாதவரில் நூற்றுக்கு 70 பேரும், உடனே ஏற்றப்பெற்றவரில் 62 பேரும் பிழைத்தனர்.

ஆகவே இத்தகையோர்க்கு இரத்தப்போக்கை நிறுத்துதலே முதற்கடன். அதுகாறும் உயிர் தரிக்குமளவு அழுத்தம் போதும். தலையில் அடிபட்டோர்க்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. மூளைக்கு இரத்தம் குறைதலாகாது. இழந்த இரத்தத்திற்கு இரத்தமே ஈடாம். ஆதலின், நாம் மனமுவந்து ஈயும் குருதி பிறர்க்கு உயிரேயாகும்.