மாம்பலத்தில் ஏறினால் எங்கே இறங்குவது? தெரியுமா!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து தி.நகர், மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் ஒரே பேச்சுதான். "கிண்டி காலேஜ் கிடைக்குமா? கவுன்சலிங் வரைக்கும் காத்திருக்கலாமா, இல்லை பிரைவேட்ல இப்பவே பணத்தைக் கட்டிடலாமா?" மாட வீதி காய்கறிக் கடையிலும் இதே பேச்சு, பனகல் பார்க் நடைப்பயிற்சியிலும் இதே பேச்சு. இந்தப் பழகிப்போன கேள்விக்குள் எத்தனை அதிசயங்கள் புதைந்து கிடக்கின்றன தெரியுமா?

மாம்பலம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியில் ஏறிப் பாருங்கள். இரண்டாவது நிறுத்தம் கிண்டி. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் இடம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் குரோம்பேட்டை, அங்கே எம்ஐடி. இன்னும் உட்கார்ந்திருந்தால் பொத்தேரி, எஸ்ஆர்எம் வாசல்! அரசாங்கக் கல்லூரி, தனியாராகப் பிறந்து அரசிடம் வந்த கல்லூரி, தனியார் பல்கலைக்கழகம். மூன்றும் ஒரே தண்டவாளத்தில்!

முதலில் கிண்டி. அந்தக் கல்லூரியின் வேர் 1794-இல் இருக்கிறது. மைக்கேல் டாப்பிங் என்பவர் நில அளவை கற்றுக்கொடுக்க எட்டே எட்டுப் பையன்களை வைத்து ஆரம்பித்த பள்ளி அது. அதே 1794-இல்தான் பாரிஸில் புகழ்பெற்ற எகோல் பாலிடெக்னிக் பிறந்தது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்ஐடிக்கு 1861-இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1859-இல், நம் சர்வே பள்ளி இன்ஜினீயரிங் கல்லூரி ஆகிவிட்டது. கிண்டிக்குக் குடிவந்தது 1920-இல். சர்தார் படேல் சாலையில் பஸ்ஸில் போகிறபோது வலதுபக்கமோ இடதுபக்கமோ அலட்சியமாகக் கடந்துவிடுகிறோமே, அதன் வயது இதுதான்.

அங்கே படித்த ஒரு பெண்ணின் கதை தெரியுமா? ஏ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டில் கணவர் இறந்துபோனார், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்துச் சென்னையில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன விதித்திருந்தார்கள் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆனால் லலிதாவின் அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி கல்லூரியிலேயே எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளைத் தன் கல்லூரியிலேயே சேர்த்தார். லலிதா 1940-களின் முற்பகுதியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயராக வெளியே வந்தார், இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவராக! பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுக் கையால் 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம். பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின் ஜெனரேட்டர்களுக்கான பணியில் வேலை செய்தவர் அவர். ஒரு அரசுக் கல்லூரி எதற்காக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் வேறு பதில் தேடமாட்டேன். அந்தச் சான்றிதழைக் காட்டுவேன்.

"கிண்டி கிடைக்குது, ஆனா சிவில்தான் கிடைக்குது. வேண்டாம்" என்று சொல்கிற வீடுகளுக்கு இன்னொரு சேதி. ராஜ் ரெட்டி கிண்டியில் படித்தது சிவில்! 1958-இல் பட்டம் வாங்கினார். 1994-இல் அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது, அதுவும் செயற்கை நுண்ணறிவுக்காக. 'இந்தியாவின் பால்காரர்' குரியன் படித்ததும் இங்கேதான், மெக்கானிக்கல். கிரிக்கெட் வீரர்கள் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த் இரண்டு பேரும் இதே கிண்டிக்காரர்கள்.

இனி குரோம்பேட்டை. இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தன் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் 1949-இல் தொடங்கியது எம்ஐடி. விமானம், மோட்டார் வாகனம், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அந்நாளில் இந்தியாவில் அரிதாக இருந்த படிப்புகள். அப்போது அது முழுக்கத் தனியார். அப்துல் கலாம் அங்கே சேர இடம் கிடைத்தும், கட்ட வேண்டிய ஆயிரம் ரூபாய் வீட்டில் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர் படிப்புக்கு அடகுக்கடை வழியாகத்தான் போனார்! கலாமோடு அதே காலத்தில் அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், எழுத்தாளர் சுஜாதா.

1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி, கட்டடக்கலைப் பள்ளி, ஏ.சி. டெக், இந்த எம்ஐடி நான்கும் அதற்குள் வந்தன. ஏ.சி. டெக்கின் 'ஏ.சி.' யார் தெரியுமா? 1944-இல் நன்கொடை கொடுத்து அதை எழுப்பிய அழகப்பச் செட்டியார். ஆக, இன்று 'கவர்ன்மென்ட்' என்று நாம் துரத்துகிற நான்கு வளாகங்களில் ஒன்று ஒருவர் கொடுத்த கொடை, ஒன்று ஒருவர் விற்ற வீடு!

வெளிநாட்டிலும் இதே வேடிக்கைதான். மாசசூசெட்ஸ் எம்ஐடி தனியார், ஆனால் அரசு நிலக்கொடைத் திட்டத்தில் பங்கு வாங்கி வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்ட் தனியார், ஆனால் 1920 வரை கல்விக் கட்டணமே கிடையாது!

இனி இன்றைய தனியார் பக்கம். பிட்ஸ் பிலானியில் குறைந்தபட்ச வருகைப்பதிவு என்ற விதியே இல்லை, தெரியுமா? அண்ணா பல்கலைக்கழகத்தில் 75 சதவீதம் இருந்தே ஆகவேண்டும். பிட்ஸில் எம்எஸ்சியில் சேர்ந்த பிள்ளை முதல் வருட மதிப்பெண்ணை வைத்து இரண்டாவதாக ஒரு பி.இ. பிராஞ்சும் எடுத்துக்கொள்ளலாம். விஐடியில் எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம் எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். அந்த விஐடி 1984-இல் வேலூரில் 180 மாணவர்களோடு ஆரம்பித்தது! இந்தச் சுதந்திரம் சில பிள்ளைகளைப் பறக்க வைக்கும். காலையில் எழுப்பிவிட ஆள் வேண்டிய பிள்ளையைக் கவிழ்த்தும் விடும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பணம்? பிட்ஸில் நான்கு வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். அங்கே ஒரு வருடத்துக்குக் கட்டுகிற பணத்தில் கிண்டியில் நான்கு வருடக் கல்விக் கட்டணமும் முடிந்துவிடும்.

நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓஎம்ஆரில் களவாக்கத்தில் ஷிவ் நாடார் 1996-இல் தொடங்கிய எஸ்எஸ்என் தனியார் கல்லூரிதான். ஆனால் அதன் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கிண்டி இடங்கள் வழங்கப்படும் அதே கவுன்சலிங்கில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைக்கின்றன! 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத இடம் தனியே உண்டு. கிண்டியானாலும் கவுன்சலிங்கில் கிடைத்த தனியார் கல்லூரியானாலும் அந்தப் பிள்ளையின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் பிள்ளைக்கு இதை யாராவது சொன்னோமா? சொல்லுங்கள், தயவுசெய்து.

இரண்டு பேர் ஒரே கட்ஆஃப் வாங்கினால்? கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு பிறந்த தேதி. அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண்! விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு எண் கொடுத்துவைப்பது இதற்காகத்தான்.

இப்போது காத்திருப்பு பயத்துக்கு வருவோம். தனியார் இடங்கள் முதலில் நிரம்பும், கவுன்சலிங் பின்னால் வரும். கட்டிய பணம் போச்சு என்று பலர் கிண்டியையே கைவிடுகிறார்கள். 2024-இல் யுஜிசி என்ன சொன்னது தெரியுமா? செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், அக்டோபர் 31-க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் வரும் அறிவிப்பைப் படித்துத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், கடன் வாங்கித்தான் தனியார் என்றால் கிண்டியில் எந்த பிராஞ்ச் கிடைத்தாலும் கிண்டியே. கடன் இல்லாமல் முடியும், பிள்ளையும் தன் காலில் நிற்கிற பிள்ளை என்றால் பிட்ஸ் தப்பே இல்லை.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாம்பலத்தில் வண்டி ஏறுங்கள். கிண்டி, குரோம்பேட்டை, பொத்தேரி, மூன்றிலும் இறங்கி நடந்து பாருங்கள். திரும்பி வருகிற வண்டியில் நீங்கள் பேசாமல் இருங்கள், பிள்ளை பேசட்டும்.